எஸ்தரம்மாவின் மைனர் கல்

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கைப்பேசி அடித்தபோது நான் மணவாள நகர் வீட்டு மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். அழைத்தவர் காரைமேடு கோதண்டராமன், ஊராட்சியின் முன்னாள் தலைவர். எப்போதும் தொண்டையைச் செருமிவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவார். அன்று இரண்டு முறை செருமினார். பிறகு, "சார், நம்ம மைனர் பொண்ணு பூட்டா சார்" என்றார்.

எஸ்தரம்மாவை 'மைனர் பொண்ணு' என்று கூப்பிடும் உரிமை உலகத்தில் கோதண்டராமன் ஒருவருக்குத்தான் இருந்தது. அந்த உரிமையை அவர் எப்படிச் சம்பாதித்தார் என்பதைச் சொன்னாலே எஸ்தரம்மாவைச் சொன்னது போலத்தான்.

காலையில் தேவாலயத்துக்குப் போய்விட்டு வந்து, கறிக்குழம்பு வைத்து, அக்கம்பக்கத்துக்கெல்லாம் கிண்ணத்தில் கொடுத்தனுப்பி, தானும் சாப்பிட்டுவிட்டுப் படுத்தாராம். எழுந்திருக்கவில்லை. "கொழம்பு ஏனம்கூட இன்னும் களுவல சார்" என்றார் கோதண்டராமன். நாளைக் காலை வருகிறேன் என்றேன்.

இதைப் படிக்கும் உங்களில் பலருக்கு அவர் கேன்டீன் எஸ்தர். கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஓர் உருக்காலையின் உணவுக்கூடத்தை அவர்தான் நடத்தினார். உங்களில் சிலருக்கு அவர் காரைமேடு காலனியின் வார்டு உறுப்பினர். எனக்கு அவர் ஒரு சிரிப்பு. முதலில் ஆளைப் பார்க்கவில்லை, சிரிப்பைத்தான் கேட்டேன்.

திருவள்ளூரில் ஓர் அரசு அலுவலகம். பழைய போர் நினைவுச் சின்னங்களைச் சீரமைக்க மாநில அரசு நிதி தரும் என்ற அறிவிப்பு வந்திருந்த சமயம். எங்கெங்கிருந்து விண்ணப்பங்கள் வந்திருக்கின்றன என்று விசாரிக்கப் போயிருந்தேன். பக்கத்து அறையிலிருந்து ஒரு பெண் சிரிக்கும் சத்தம் கேட்டது. அலுவலகங்களில் யாரும் அப்படிச் சிரிப்பதில்லை. எட்டிப் பார்த்தேன்.

மேசைக்கு அந்தப் பக்கம் எழுத்தர். இந்தப் பக்கம் நீலச் சேலையில், கையில் ஒரு பெரிய டிபன் கேரியருடன், நல்ல உயரமான ஒரு பெண்மணி. எழுத்தர் விண்ணப்பத்தைத் தட்டிக் காட்டிக்கொண்டிருந்தார்.

"நீங்களே பாருங்கம்மா. 'மைனர் கல். மைனர் ஒருவர் நினைவாக வைக்கப்பட்டது'ன்னு ஊராட்சிச் சான்றுல எழுதியிருக்கு. மைனர்னா பதினெட்டு வயசு ஆகாதவன். அவனை எப்படி பட்டாளத்துல எடுப்பாங்க? இது போர்ச் சின்னமே கிடையாது."

"சார், அந்தக் கல்லுல கீறது எங்க பாட்டனாரு. பட்டாளத்துக்குப் போறப்பவே பொண்டாட்டியும் கைப்புள்ளையும் இருந்துச்சு. கல்யாணம் கட்னவரு எப்படி சார் மைனர் ஆவாரு?"

"அந்தக் காலத்துல பன்னெண்டு வயசுலயே கட்டி வெச்சிடுவாங்களேம்மா."

அறையே சிரித்தது. எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தவர் அந்தப் பெண்மணிதான். "இதுக்கு இன்னா சொல்றது, மடக்கிட்டியே சார்!" என்று மேசையைத் தட்டினார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, டிபன் கேரியரைத் திறந்து, "நாஷ்டா துன்னுட்டுப் பேசலாம். தோத்தாலும் வடை ஆறக்கூடாது" என்றார். வடை என் கைக்கும் வந்தது.

"நீங்க இன்னா செக்சன் சார்?"

"நான் பத்திரிகை."

"அப்பாடா. கையெழுத்துப் போடற வேலை இல்லாத ஆளு. நம்பிப் பேசலாம்."

வடை தின்றதாலோ என்னவோ எழுத்தர் இளகினார். விண்ணப்பத்தைத் தள்ளுபடி செய்யவில்லை. பொறியாளர் ஒருவர் நேரில் வந்து பார்ப்பார், அது படைவீரர்களுக்கான கல்தான் என்று அவர் சான்று கொடுத்தால் நிதி கிடைக்கும், இல்லாவிட்டால் கோப்பு மூடப்படும் என்றார். இன்னொன்றும் சொன்னார். கல்லை மெயின் ரோட்டுக்கு மாற்ற வேண்டும் என்று உங்கள் ஊராட்சியே தீர்மானம் போட்டு அனுப்பியிருக்கிறது, அது தெரியுமா?

எஸ்தரம்மாவின் சிரிப்பு அங்கேதான் நின்றது. "அது எங்க பிரசரண்டு வேலை" என்றார். அப்போது ஊராட்சித் தலைவர் கோதண்டராமன்தான். வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பினார். "சார், நீ போன்ல கேட்டு எழுதற ஆளா, வந்து பாத்து எழுதற ஆளா?"

நான் பதில் சொல்வதற்குள், "வந்து பாரு சார்" என்றார்.

மணவாள நகரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கு ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்குள் நுழைந்து வேறு தடம் பிடித்துத் திரும்பி வர வேண்டும். ஒரே மாவட்டம்தான், ஆனால் தண்டவாளங்களுக்கு அது தெரியாது. நான் பெரியபாளையம் வழியாகப் பேருந்தில் போனேன். காரைமேட்டு மெயின் ரோட்டில் இறங்கி, ஏரிக்கரை ஓரமாக மண்பாதையில் நடந்தால் காலனி வரும். மழைக்காலத்தில் அந்தப் பாதையில் ஷேர் ஆட்டோகூட வராது. முதல் ஷிப்டுக்குப் போகும் பெண்கள் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு மெயின் ரோடு வரை நடந்து, அங்கே குழாயடியில் கால் கழுவிக்கொண்டு கம்பெனி பஸ் ஏறுவார்கள்.

காலனி தொடங்கும் இடத்தில் அந்தக் கல் நின்றது. ஆள் உயரத்துக்கு மேல், நான்கு பக்கமும் பட்டையாக, உச்சியில் கூம்பு. வருடா வருடம் பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு பட்டை பட்டையாக ஏறி, கல் ஊதிப்போய், மாவு பூசிய கொழுக்கட்டை போல இருந்தது. முகப்பில் ஆழமாக வெட்டிய ஆங்கில எழுத்துகள் மட்டும் சுண்ணாம்புக்கு அடியிலிருந்து பள்ளமாகத் தெரிந்தன. எம், ஐ, என், இ, ஆர். மைனர். அதற்கு முன்னும் பின்னும் ஒன்றும் தெரியவில்லை.

அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு ஊர் இரண்டு கதை வளர்த்திருந்தது. நிலம் வைத்திருப்பவர்களின் தெருவில் கேட்டால், அது கோதண்டராமனின் கொள்ளுத்தாத்தா நினைவாக வைத்த கல். அவர் பெரிய மைனராம். கழுத்தில் புலிநகம் கோத்த தங்கச் சங்கிலி, அக்குளில் ஜவ்வாது, ஏறினால் குதிரை. ஏரிக்கரையில் அந்த இடத்தில்தான் சாயங்காலம் காற்று வாங்குவாராம். கோதண்டராமன் வீட்டிலிருந்துதான் ஒவ்வொரு பொங்கலுக்கும் சுண்ணாம்பு போகும். அவருடைய தாத்தா காலத்திலிருந்தே அப்படி.

காலனியில் கேட்டால், அது உலகப் போருக்குப் போன நம் ஆட்களுக்கு வெள்ளைக்காரன் வைத்த கல். அதில் எஸ்தரம்மாவின் பாட்டனார் ஏசுவடியான் பெயர் இருக்கிறது. பார்த்தவர்கள் யார்? உயிரோடு யாரும் இல்லை. பிறகு ஏன் 'மைனர்'? அதற்குக் காலனியில் ஒருவரிடமும் பதில் இல்லை.

கோதண்டராமனும் வந்து சேர்ந்தார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை, அதற்குள்ளே, கொள்ளுத்தாத்தாவை மறக்காமல், ஒரு சங்கிலி.

"சார், நாயமா எழுதுங்க. எங்க ஊட்டுக் கல்லு. மெயின் ரோட்டுல எங்க ஊட்டு எதிர்ல வெச்சா போறவன் வரவன் பாப்பான். இந்தச் சேத்துல யாரு வருவா?"

"பிரசரண்டு, உங்க கொள்ளுத்தாத்தா எந்தச் சண்டைக்குப் போனாரு?" என்றார் எஸ்தரம்மா.

"அவரு போடாத சண்டையா?"

"ஊட்டுக்குள்ள போட்டதெல்லாம் கணக்குல வராது."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கோதண்டராமனும் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டு போய்விட்டார். அவர் போன பிறகு நான் எஸ்தரம்மாவிடம் கேட்டேன். மெயின் ரோட்டில் வைத்தால் நிறையப் பேர் பார்ப்பார்கள் என்பது உண்மைதானே?

அதற்கு அவர் சொன்னதை அன்றே எழுதி வைத்துக்கொண்டேன். "சார், எங்க தெருவுக்கு இதுவரிக்கும் யாருனா வந்துகீறாங்களா? ஓட்டுக்கு வருவான், சாவுக்கு வருவான், அவ்ளோதான். கல்லு இங்கயே இருந்தா, பாக்கறவன் இங்க வந்துதான் ஆவணும். அவன் வரத்துக்கு ரோடு போடணும். ரோடு போட்டா லைட்டு வரும், லைட்டு வந்தா பஸ்ஸு வரும். எங்க பாட்டன் செத்தும் எங்களுக்கு ரோடு போடுவாரு. அந்தக் கல்லத் தூக்கிக்கினு போய்ட்டா, அப்புறம் எங்களுக்கு இன்னா கீது, சேறுதான்."

பொறியாளர் வரும் நாளில் நானும் போயிருந்தேன். செண்பகம் என்ற இளம்பெண் அவர். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பதில் தேர்ந்தவர். ஊரே கூடிவிட்டது. சுண்ணாம்பை எடுத்தால்தான் சான்று கொடுக்க முடியும், ஆனால் இரும்பு படக்கூடாது, அமிலம் படக்கூடாது, மரத்தால் மெதுவாகச் சுரண்ட வேண்டும் என்றார் செண்பகம். மரத்தாலான கருவி எங்கே இருக்கிறது என்று ஆண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, எஸ்தரம்மா உணவுக்கூடத்துக்குப் போன் போட்டார். சற்று நேரத்தில் ஆலையின் வேன் வந்து நின்றது. நாலைந்து பெண்கள் இறங்கினார்கள், கையில் சாம்பார் சாதம் கிளறும் மரத் துடுப்புகளோடு.

"படைக்கலம் வந்துடுச்சி" என்றார் எஸ்தரம்மா.

வெந்நீரை ஊற்றி ஊறவிட்டு, துடுப்பின் நுனியால் தள்ளத் தள்ள, சுண்ணாம்பு அப்பளம் மாதிரி விண்டு விழுந்தது. ஒரு பட்டைக்கு அடியில் நீலம், அதற்கு அடியில் மஞ்சள், மறுபடி வெள்ளை. கோதண்டராமன் மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு முதல் வரிசையில் நின்றார். எஸ்தரம்மா சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானும் ஒரு துடுப்பை வாங்கினார். அந்தக் கல்லில் ஏசுவடியான் என்ற பெயர் இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பது அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும்.

மைனர் என்ற சொல்லுக்குப் பின்னால் முதலில் ஓர் 'எஸ்' வந்தது.

"மைனர் இல்லை, மைனர்ஸ்" என்றார் செண்பகம். "ஒரு ஆள் இல்லை, பல பேர்."

பிறகு அதற்கு முன்னால் இருந்த சொற்கள் வந்தன. செண்பகம் ஈரத்துணியால் துடைத்துவிட்டு உரக்கப் படித்தார். "சாப்பர்ஸ் அண்ட் மைனர்ஸ்." படித்துவிட்டு அவரே சிரித்தார். பட்டாளத்தில் பாலம் கட்டுவதற்கும், பதுங்குகுழி வெட்டுவதற்கும், பூமிக்கடியில் சுரங்கம் தோண்டுவதற்கும் இருந்த படைப்பிரிவை அப்படித்தான் சொல்வார்கள் என்று விளக்கினார். இந்த மைனர் சங்கிலி போட்ட மைனரும் இல்லை, வயசு வராத மைனரும் இல்லை. மண் தோண்டுகிறவர்.

அப்புறம் எஸ்தரம்மா போட்ட கூச்சலில் ஏரிக்கரை மரத்திலிருந்து கொக்குகள் கிளம்பின.

"நோண்டிக்காரன் ஊடு!"

எஸ்தரம்மாவின் வீட்டுக்குக் காலனியில் அதுதான் பெயர். நோண்டிக்காரன் வீடு. ஏன் அந்தப் பெயர் என்று வீட்டில் யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் 'நோண்டி, நோண்டி' என்று கேலி செய்த பிள்ளைகளை அடித்து அடித்தே தனக்குக் கை நீளமாகிவிட்டது என்பார். கேலி என்று நினைத்த பெயர் கல்லில் ஆங்கிலத்தில் வெட்டியிருந்தது. "நோண்டினது சாக்கடை இல்லடி, சண்டைக்கு நோண்டிகீறாரு!" என்று பக்கத்தில் நின்ற பெண்ணின் தோளைப் பிடித்து உலுக்கினார்.

பெயர்கள் கீழே இருந்தன. வெள்ளைக்காரன் காதில் விழுந்தபடி எழுதிய பெயர்கள். முனிசாமி 'மூனிசேமி' ஆகியிருந்தார். சின்னப்பன் ஏறக்குறைய 'சைனாப்பன்' ஆகியிருந்தார். ஏசுவடியான் மட்டும், எழுதியவனும் கிறிஸ்தவன் என்பதாலோ என்னவோ, பிழையில்லாமல் இருந்தார். எஸ்தரம்மா அந்த எழுத்துகள் மேல் விரலை வைத்து ஒவ்வொன்றாகத் தடவினார். பிறகு செண்பகத்திடம் ஒரு சந்தேகம் கேட்டார்.

"அப்போ எங்க பாட்டன் துப்பாக்கியே புடிக்கலையா?"

"வைத்திருந்திருப்பார். ஆனால் அவருடைய முக்கிய வேலை அது இல்லை."

"அப்ப நல்லவருதான்" என்றார் எஸ்தரம்மா.

இத்தனை சந்தோஷத்துக்கு நடுவே கோதண்டராமன் மெல்ல நகர்ந்து கூட்டத்தின் ஓரத்துக்குப் போயிருந்தார். பெயர்களை மேலிருந்து கீழாகவும் கீழிருந்து மேலாகவும் படித்துப் பார்த்துவிட்டார். அவருடைய கொள்ளுத்தாத்தா எங்கும் இல்லை. மூன்று தலைமுறையாகச் சுண்ணாம்பு அடித்த குடும்பம், யாருக்கு அடித்தோம் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டது. இளவட்டங்கள் யாரோ, "பிரசரண்டு, சங்கிலிய மாட்டுங்க கல்லுக்கு" என்று குரல் கொடுத்தார்கள். அவர் முகம் சுருங்கியது.

எஸ்தரம்மா அந்த இளவட்டங்களை ஒரு முறை முறைத்தார். அப்புறம் செண்பகத்தைப் பார்த்து, "ஏம்மா, இத்தினி வருசம் கம்பெனிப் புகையும் ஏரி உப்புத் தண்ணியும் பட்டும் எளுத்து எப்படி இவ்ளோ பளிச்சுனு கீது?" என்று கேட்டார்.

"சுண்ணாம்புதான் காப்பாற்றியது. சுண்ணாம்பு இல்லாவிட்டால் எழுத்து எப்போதோ பொரிந்து கொட்டியிருக்கும்" என்றார் செண்பகம்.

எஸ்தரம்மா திரும்பி நேராகக் கோதண்டராமனிடம் போனார். அதுவரை 'பிரசரண்டு' என்றே கூப்பிட்டவர், அன்றுதான் வேறு மாதிரி கூப்பிட்டார்.

"நைனா, கேட்டுக்கினீங்களா? எங்க பாட்டனுக்கு இத்தினி வருசம் போர்வை போத்தினது உங்க ஊடுதான். நாங்க பேரு சொன்னோம், நீங்க பேரக் காப்பாத்தி வெச்சீங்க. உங்க தாத்தா மைனரா இருந்ததால எங்க தாத்தா பொழச்சாரு."

கோதண்டராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். வெகு நேரம் துடைத்தார். "நீதான்மா மைனர் பொண்ணு" என்றார் கடைசியில். கல்லை மாற்றும் தீர்மானத்தை ஊராட்சி அடுத்த கூட்டத்திலேயே திரும்பப் பெற்றது. அதற்காக அலைந்தவர் அவர்தான்.

நிதி ஆணை வந்தது. வந்ததும் பேஜாரும் வந்தது. ஒப்பந்தக்காரர் கல்லைச் சுற்றிப் பளபளக்கும் ஓடுகள் பதிக்க ஒரு வேன் நிறையக் கொண்டுவந்து இறக்கினார். எஸ்தரம்மா அதில் ஒன்றைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இத எங்க கம்பெனி கக்கூஸ்ல பாத்துகீறேன். எங்க பாட்டன் பல்லு வெளக்கினு வந்து நிக்கிறாரா இங்க?" ஓடுகள் திரும்பப் போயின. செண்பகம் சொன்னபடி கருங்கல் மேடைதான் போட்டார்கள். பார்க்க வருபவர்களுக்காகத் திட்டத்திலேயே இருந்த அணுகு சாலை மெயின் ரோட்டிலிருந்து கல் வரைக்கும் வந்தது. கல் வரைக்கும் வந்த சாலை காலனிக்குள் நுழையாமல் எப்படி நிற்கும்? அதற்கு அவர் யார் யாரிடம் போய் நின்றார், எத்தனை கேரியர் வடை போனது என்பதெல்லாம் உங்களுக்குத் தெரியும். நீங்களும் தின்றிருப்பீர்கள்.

பேருந்து வந்தபோது நிறுத்தத்துக்கு என்ன பெயர் வைப்பது என்று ஒரு பேச்சு எழுந்தது. 'போர் வீரர் நினைவுத் தூண்' என்று பலகை எழுதத் தயாராக இருந்தார்கள். எஸ்தரம்மா ஒத்துக்கொள்ளவில்லை. 'மைனர் கல்' என்றே எழுதச் சொன்னார். அது தப்பான பெயர் ஆயிற்றே என்று நான் கேட்டேன்.

"தப்பு எங்க கீது சார்? கல்லு எங்க தாத்தாவோடது. பேரு நைனா தாத்தாவோடதா இருந்துட்டுப் போவட்டும். அவுங்களுக்கும் ஏறி எறங்க ஒரு ஸ்டாப்பு வேணும் இல்ல?"

திங்கட்கிழமை காலை நான் போன பேருந்தில் நிற்க இடமில்லை. ஆலைச் சீருடையில் ஆண்கள், பெண்கள், கையில் மாலையோடு நிலக்காரத் தெருப் பெரியவர்கள், மடியில் தேவாலயப் பாட்டுப் புத்தகத்தோடு சிலர். காரைமேடு தாண்டியதும் நடத்துனர், "மைனர் கல்லு, மைனர் கல்லு, எறங்கறவங்க முன்னால வா" என்று குரல் கொடுத்தார். பேருந்து முழுவதும் எழுந்தது. அவர் திகைத்துப்போய், "இன்னாங்கடா, எல்லாருமே இங்கதானா?" என்றார். "எஸ்தரம்மா" என்று யாரோ சொன்னார்கள். அவர் விசிலைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டு, ஓட்டுநரிடம் ஏதோ சொல்லிவிட்டு, எங்களோடு தானும் இறங்கினார். "எனக்கும் வடை குடுத்துகீறாங்க" என்றார், யாரும் கேட்காமலே.

அன்று அந்தத் தெருவுக்கு வராதவர்கள் இல்லை. எல்லோரும் தார் சாலையில், செருப்புக் காலோடு நடந்து வந்தார்கள். வாசலில் எஸ்தரம்மாவைக் கிடத்தியிருந்தார்கள். முகத்தில் ஏதோ பதில் சொல்லப்போகும் தோரணை அப்படியே இருந்தது. கோதண்டராமன் ஒரு புதிய வெள்ளைத் துணியை மடிப்புக் கலையாமல் கொண்டுவந்தார். எஸ்தரம்மாவின் மகள் எழுந்து வாங்கக் கை நீட்டினாள். அவர் கொடுக்கவில்லை.

"இரும்மா. போத்தறது எங்க ஊட்டு வேலை" என்றார்.

தானே குனிந்து, கழுத்திலிருந்து பாதம் வரை, சுருக்கம் இல்லாமல் போர்த்தினார். அழுதுகொண்டிருந்தவர்களில் சிலர் சிரித்தார்கள். சிரித்தது தப்பில்லை. அந்த வீட்டில் அதற்கு எப்போதும் அனுமதி இருந்தது.

எஸ்தரம்மாவிடமிருந்து என்னிடம் இருப்பது ஒரு வாக்கியம். இத்தனை ஆண்டு செய்தித் தொழிலில் நான் கேட்ட அறிவுரைகளில் மிகச் சிறியது அது. இந்த வயதில் எந்த ஊரிலிருந்து யார் அழைத்தாலும், விவரத்தைப் போனிலேயே வாங்கிக்கொள்ளலாம் என்று கால் சொல்லும். அப்போது டிபன் கேரியரோடு ஒரு குரல் குறுக்கே வரும். நான் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

வந்து பாரு சார்.